சீழ்க்கையா, கண்ணீரா?

வன்முறையும் ஒழுக்கக் கேடும் மலிந்த திரைப்படங்களைக் கிறிஸ்தவர் பார்க்கலாமா என்னும் வினாவிற்கு, கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு விடைகளே வழங்கி வருகின்றன. ‘திரைப்படமே பாவம், கண்ணை மூடிக்கொள்’ என்பது மூத்தோர் தீர்ப்பு. ‘அது வெறும் பொழுதுபோக்கு; அதில் என்ன கெட்டுவிடப் போகின்றது?’ என்பது இளையோர் மறுமொழி. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகை போலத் தோன்றினும் உண்மையில் ஒருவயிற்றுப் பிள்ளைகளே. மூத்தோர் பாராமலே தீர்ப்பளிக்கின்றனர். இளையோர் தீர்ப்பளிக்காமலே பார்க்கின்றனர். சிந்திக்கும் உழைப்பை இருசாராரும் தட்டிக் கழிக்கின்றனர்.

அசாம் ஜாவா என்பது மலாய் மொழியில் புளியைக் குறிக்கும் பெயர். அச்சிற்றூரைச் சுற்றிய நிலமெல்லாம் ஒரு காலத்தில் இரப்பரும் செம்பனையுமே. 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவராகிய ஆன்றி ஃபொக்கோனியே மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கிய தென்னமாரம் தோட்டமும் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. இத்தகைய தோட்டங்களில் கோயில், பள்ளி, கள்ளுக்கடை ஆகியவற்றைப் போலவே திரைப்படமும் வாழ்வின் ஒரு கூறாக விளங்கிற்று. திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படத்தைத் தோட்டமே கூடியிருந்து பார்த்தது. தலைகுனிய வேண்டிய காட்சி வந்தால் பெரியவர் ஒருவரின் கனைப்பே தணிக்கையாயிற்று. பின்னர் 1980களில் வீடியோ நாடா வீட்டினுள் புகுந்தது. அதன்பின் குறுவட்டு வந்தது. இன்று கைப்பேசி வந்துவிட்டது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. 2011இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் – கோலசிலாங்கூர் விரைவுச்சாலை, திட்ட நிலையில் அசாம் ஜாவாவின் பெயரையே தாங்கியிருந்தது. தோட்டத்திற்கு அன்றிருந்த வேலி இன்று இல்லை. வேலியில்லாத நிலத்தில் ‘பாராதே’ என்னும் ஒற்றைச் சொல்லைக் காவலுக்கு நிறுத்துவது காவலாகுமா?

இத்தடை நேற்றுப் பிறந்ததன்று. ஏறத்தாழக் கி.பி. 200இல் கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர் களரிகளுக்கும் நாடக அரங்குகளுக்கும் செல்லலாகாது என்று தனி நூலே எழுதினார். மனிதனை மனிதன் கொல்வதைக் கூட்டமாய்க் கூடிக் களிக்கும் உரோமைப் பழக்கத்தை அவர் கடிந்தது முற்றிலும் நியாயமே. ஆயின் அந்நூலின் முடிவைப் படித்தவர் திடுக்கிடுவர். இறுதித் தீர்ப்பு நாளில் மன்னர்களும் அறிஞர்களும் நடிகர்களும் நெருப்பில் வேவதைக் கண்டு மகிழும் காட்சியையே, களரியை விடப் பெரிய காட்சியாக அவர் தம் வாசகர்க்குக் காட்டுகின்றார். கண்ணுக்குத் தடை விதித்தவரின் உள்ளத்தில் காட்சி வெறி அப்படியே இருந்தது. தடை பசியைத் தீர்க்கவில்லை. உணவை மட்டுமே மாற்றிற்று.

இந்த உண்மையை நுட்பமாகக் கண்டவர் அகுத்தீன் அடிகளார். தம் நண்பர் அலிப்பியுவின் வரலாற்றைத் தம் ஒப்புதல் நூலில் அவர் எழுதியுள்ளார். களரியை வெறுத்த அலிப்பியுவைத் தோழர்கள் வலிந்து இழுத்துச் சென்றனர். அவரோ கண்களை இறுக மூடி அமர்ந்திருந்தார். வீரன் ஒருவன் வீழ்ந்தபோது கூட்டம் எழுப்பிய பேரொலி அவர் செவியில் புகுந்தது. கண் திறந்தார், குருதியைக் கண்டார், அக்கணமே அக்கொடுமையைப் பருகினார். வந்தவர் ஒருவர், திரும்பியவர் வேறொருவர் என்னும்படி ஆயிற்று. கண்ணை மூடுவது போதாது என்பதே இவ்வரலாற்றின் பாடம். மூடிய கண்ணுக்குப் பின்னே பயிற்சி பெறாத உள்ளம் இருக்குமாயின், ஒரு கூச்சலே அதனைக் கவிழ்க்கப் போதும்.

தடை செய்வோர் தம் துணைக்குப் பவுல் அடிகளாரை அழைப்பர். உண்மையானவற்றையும் தூய்மையானவற்றையும் அன்புக்குரியவற்றையும் சிந்தியுங்கள் என்று பிலிப்பியருக்கு அவர் எழுதியதைச் சுட்டுவர். நன்று, அப்பட்டியலின் தலையில் நிற்பது எது? உண்மை. உலகில் கொலை நடக்கின்றது என்பதும் உண்மையே. திருமறை அதனை மறைக்கவில்லை. முதற்குடும்பத்திலேயே காயின் ஆபேலைக் கொல்கின்றான். தாவீது பிறன்மனை விழைந்து உரியாவைப் போர்முனையில் சாகவிடுகின்றான். அத்தாவீதைத் திருத்த வந்த நாத்தான் செய்தது என்ன? அறவுரையா கூறினார்? செல்வன் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக் கொன்ற கதையைக் கூறினார். மன்னன் வெகுண்டெழுந்தான், அக்கொடியவன் நீயே என்றார் நாத்தான். கொடுமையைக் காட்டும் கதை ஒரு மன்னனின் மனச்சான்றைத் திறந்தது. கொடுமை வரும் கதையெல்லாம் விலக்கெனின், விலக்க வேண்டிய முதல் நூல் எதுவாகும் என்பதைத் தடை செய்வோரே கூறட்டும்.

இவ்வினா 2004ஆம் ஆண்டில் மலேசியத் திருச்சபைகளின் வாயிலுக்கே வந்து நின்றது. மெல் கிப்சன் இயக்கிய ‘கிறிஸ்துவின் பாடுகள்’ என்னும் படம், கிறிஸ்தவர் மட்டுமே பார்க்கலாம் என்னும் நிபந்தனையுடன் இந்நாட்டில் அனுமதிக்கப்பட்டது. நுழைவுச்சீட்டுகள் திருச்சபைகளின் வழியாகவே வழங்கப்பட்டன. கசையடியில் சதை கிழிவதை அவ்வளவு விரிவாகக் காட்டிய படங்கள் மிகச் சிலவே. திரைப்படமே பாவம் எனில், திருச்சபையே சீட்டு வழங்கிய அப்படம் என்ன? குருதி கண்டால் விலகு எனில், பெரிய வெள்ளிக்கிழமையன்று பாடுபட்ட சுரூபத்தின் முன் முழந்தாளிடுவது எதற்கு? திரையில் குருதி இருக்கின்றதா என்பது உரைகல் அன்று என்பதைத் திருச்சபைகள் தம் செயலாலேயே ஒப்புக்கொண்டுவிட்டன. ஒப்புக்கொண்டதை மேடையில் கூறத்தான் துணிவில்லை.

அவ்வாறாயின் உரைகல் யாது? அதனைத் தேடித் தமிழாசிரியர் வேற்றுநாடு செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் வெகுளி பிறக்கும் களன்களாக நான்கினை வைத்தார்: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல். பெருமிதத்திற்கும் நான்கினை வைத்தார். அங்கே கல்வி உண்டு, அஞ்சாமை உண்டு, புகழ் உண்டு, கொடை உண்டு, கொலை இல்லை. கொலையைக் கண்டால் நல்லுள்ளத்தில் வெகுளி பிறக்க வேண்டும், பெருமிதம் பிறத்தலாகாது. கையை வெட்டும் காட்சியில் அரங்கம் சீழ்க்கை அடிக்குமாயின், அங்கே மெய்ப்பாடு திரிந்துவிட்டது. அப்படம் பார்ப்பவனின் உள்ளத்தைக் கோணலாக்கிவிட்டது. உரைகல் இதுவே.

கோவலன் கொலையை இளங்கோவடிகள் எவ்வாறு பாடினார்? களிமகன் ஒருவன் வாளை வீசினான் என்று சில அடிகளில் முடித்தார். கொன்றவனுக்கு ஒரு புகழ்மொழியும் இல்லை. நூலின் பேரிடத்தைக் கண்ணகியின் அழுகைக்கும் வெகுளிக்கும் ஒதுக்கினார். 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் கிருட்டிணப் பிள்ளை இயேசுபிரானின் பாடுகளைப் பாடியபோதும், படிப்பவர் அடித்தவன் பக்கம் நிற்பதில்லை. அடிபட்டவர் பக்கமே நிற்கின்றனர். 1948இல் சிட்டாடல் நிறுவனம் எடுத்த ‘ஞானசௌந்தரி’ தமிழ்க் கிறிஸ்தவ நாடக மரபிலிருந்து வந்த கதை. சிற்றன்னையின் சூழ்ச்சியால் இளம்பெண்ணின் கைகள் வெட்டப்படும் கதை. அதனைக் கண்டவர் கண்ணீர் வடித்தனரேயன்றி, வெட்டியவனைப் போல் நடை பழகவில்லை. கொடுமை ஒன்றே, நிற்கும் இடம் வேறு.

இனி, ‘வெறும் பொழுதுபோக்கு’ என்போரை நோக்குவோம். உள்ளத்தைத் தொடாத காட்சிக்கு இளைஞன் ஏன் சீழ்க்கை அடிக்கின்றான்? நாயகனின் தலைவாரும் முறையையும் சொல்லடுக்கையும் படியெடுப்பவன், அவன் பாராங் கத்தி ஏந்தும் முறையை மட்டும் அரங்கிலேயே விட்டுவருகின்றானா? 2013ஆம் ஆண்டு உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றில் இந்திய இளைஞர் பெருந்தொகையினராய் இருந்தமை கண்டு சமூகம் தலைகுனிந்தது. இப்பழியைத் திரைப்படத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. தோட்டம் மூடப்பட்டு, வீடும் வேலையும் ஒருசேர இழந்து, நகர்ப்புறப் புறம்போக்குகளில் குடியேறிய குடும்பங்களின் வரலாறே இதன் வேர். எனினும் வேர் வேறாயினும் நீர் ஊற்றுவது குற்றமில்லையா? வறுமை அவனைத் தெருவில் நிறுத்திற்று. தெருவில் நிற்பதே வீரம் என்று திரை அவனுக்குக் கூறிற்று.

2016இல் வந்த ‘கபாலி’ மலேசியத் தமிழரின் வாழ்வையே களமாகக் கொண்டது; தோட்டத் தொழிலாளர் உரிமையையும் பேசியது. அப்படம் இந்நாட்டில் திரையிடப்பட்டபோது, கபாலி காவல் துறையிடம் சரணடைந்ததாக முடிவு அமைக்கப்பட்டது. இரண்டரை மணி நேரம் துப்பாக்கியின் மிடுக்கைக் காட்டிவிட்டு இறுதியில் சட்டத்தை ஒரு வரியில் ஒட்டினால், வீடு திரும்பும் சிறுவன் எதனை நினைவில் கொண்டு செல்வான்? தணிக்கை முடிவை மாற்றலாம், மெய்ப்பாட்டை மாற்றவியலாது.

அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த ‘ஜகாட்’டை இதனோடு ஒப்பிடுக. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அம்மலேசியத் தமிழ்ப்படம் 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. தோட்டத்தை இழந்த குடும்பத்துச் சிறுவன் அப்போயைப் படிப்பில் உயர்த்த விரும்பும் தந்தை, கண்டிப்பையே கருவியாகக் கொள்கின்றார். சிறுவனோ குண்டர் உலகின்பால் ஈர்க்கப்படுகின்றான். இதிலும் வன்முறை உண்டு. ஆயினும் அதனைக் காண்பவர் உள்ளம் ஒரு பிள்ளையை இழக்கின்றோமே என்று பதைக்கின்றது. ‘திரைப்படமே பாவம்’ என்று கூறும் பெற்றோர்தாம் இப்படத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள். தம் பிரம்பின் கதையே அதில் உள்ளது.

எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்கலாம் என்பது இதன் பொருளன்று. சிறு குழந்தைக்குத் தடை வேண்டும்; பச்சிளம் வயிற்றுக்குக் காரம் ஆகாது. வலிமையற்ற உடன்பிறப்புக்கு இடறலாய் இராதே என்னும் பவுல் அடிகளாரின் அறிவுரையும் பொய்யாகாது. ஆனால் குழந்தைக்குரிய தடையை இருபது வயது இளைஞனுக்கும் நீட்டிப்பது, அவனை என்றும் குழந்தையாகவே வைத்திருக்கும் சூழ்ச்சி. கத்தோலிக்கத் திருச்சபையே இவ்வழியில் வளர்ந்துள்ளது. 1936இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் திரைப்படம் பற்றி விடுத்த சுற்றுமடல் விழிப்பான காவலையே பெரிதும் வலியுறுத்திற்று. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தீமையைச் சித்திரிப்பதுகூட அறத்தின் கட்டுக்குள் நின்றால் மனிதனை ஆழ்ந்து அறியவும் நன்மையின் மேன்மையை உணரவும் துணைபுரியும் என்று ஏற்றது. காண்போர்க்குப் பயிற்சி வேண்டும் என்றும் கூறிற்று. காவலிலிருந்து கல்விக்கு வந்த அப்பாதையைத் தோட்டப்புறத் தேவாலயங்கள் இன்னும் எத்தனை காலம் பாராதிருக்கும்?

கல்வி என்றவுடன் பொறுப்பு ஆசிரியப் பெருமக்களின் தோளில் வந்து அமர்கின்றது. மாணவர் படம் பார்க்கின்றனர் என்பதை அறியாத ஆசிரியர் எவருமிலர். அறிந்தும் அறியாதார் போல் இருப்பது எதற்கு? கொலைக்களக் காதையை நடத்தும் அதே வகுப்பில், மாணவர் சென்ற வாரம் பார்த்த படத்தையும் வைத்து மூன்று வினாக்களைக் கேட்கலாம். அடிபட்டவனுக்குப் பெயர் உண்டா? அவனுக்காகத் திரையில் எவரேனும் அழுதனரா? அக்காட்சியில் உன் உள்ளத்தில் எழுந்த மெய்ப்பாடு எது? ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் இவ்வினாக்கள் பொருந்தும். இவற்றிற்கு உண்மையாக விடை கூறப் பழகிய மாணவன், எந்தப் படத்தின் முன்னும் தன்னை இழக்கமாட்டான்.

ஆபேலின் குருதி மண்ணிலிருந்து கூப்பிடுகின்றது என்று திருமறை கூறுகின்றது. அக்குரலைக் கேட்கும் செவியை உண்டாக்குவதே கிறிஸ்தவக் கல்வியின் கடமை. தமிழ்க் கல்வியின் கடமையும் அதுவே. கண்ணைக் கட்டிவிடுவதால் அச்செவி உண்டாகாது; கண்டதையெல்லாம் கண்டு களிப்பதாலும் உண்டாகாது. அசாம் ஜாவாவின் பிள்ளைகள் படம் பார்க்கத்தான் போகின்றனர். வெட்டுண்டவனைக் கண்டு அவர்கள் சீழ்க்கை அடிக்கப் போகின்றனரா, கண்ணீர் சிந்தப் போகின்றனரா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, அவர்களுக்குக் கற்பிப்போரின் கையில் உள்ளது.