கமலா கானின் பாட்டியும் அந்தமானின் பாட்டிமாரும்

2022 ஜூன் 8 தொடங்கி ஜூலை 13 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்த ‘மிஸ் மார்வெல்’ தொடரைக் குறித்த ரசிகர் விவாதங்களில் ஒரு குறை திரும்பத் திரும்ப எழுவதுண்டு. சூப்பர் ஹீரோ தொடர் ஒன்றில் குடும்பமும் காதலும் இத்தனை இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதே அது. அண்ணன் திருமணம், அம்மாவின் கண்டிப்பு, புரூனோவா கம்ரானா என்னும் பதின்பருவ மயக்கம், கராச்சியிலுள்ள பாட்டி ஆகியவையெல்லாம் ‘உண்மையான’ கதைக்கு இடையே செருகப்பட்ட நிரப்பிகள் என்பது ஒரு தரப்பின் கருத்து. மறு தரப்பு இவற்றை ரசிக்கிறது. எனினும் ‘மனதுக்கு இதமாக இருக்கிறது’ என்பதற்கு மேல் அதற்குக் காரணம் கூறுவதில்லை. இரு தரப்பும் ஒரே பகுப்பை ஏற்றுக்கொண்டே வாதிடுகின்றன: வல்லமை ஒரு புறம், உறவு மறு புறம். இப்பகுப்பே பிழையானது. அப்பிழை எவ்விடத்திலிருந்து பார்த்தாலும் தெரியக்கூடியதுதான். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து பார்க்கையில் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

தொடரைக் காணாதோருக்குக் கதையின் எலும்புக்கூடு மட்டும் போதுமானது. அமெரிக்காவின் ஜெர்சி நகரத்தில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண் கமலா கான், வயது பதினாறு. பாட்டி சனா கராச்சியிலிருந்து அனுப்பிய பழம்பொருள்களுக்கிடையே கிடைத்த வளையல் ஒன்றை அணிந்ததும் ஒளியைத் திடப்பொருளாக்கும் ஆற்றல் அவளிடம் விழித்தெழுகிறது. அவ்வளையல் சனாவின் தாய் ஆயிஷாவுக்கு உரியது. 1947 பிரிவினையின்போது ரயில் நிலைய நெரிசலில் தொலைந்துபோன குழந்தை சனா, நட்சத்திரங்களின் தடத்தைப் பின்பற்றித் தந்தை ஹசனிடம் வந்துசேர்ந்தாள் என்பது குடும்பத்தில் வழங்கும் கதை. ஐந்தாம் பகுதியில் கமலா காலம் கடந்து அந்த ரயில் நிலையத்திற்கே செல்கிறாள். குழந்தையின் முன் ஒளிப்படிகளை அமைத்து அவளைத் தந்தையிடம் சேர்ப்பிக்கிறாள். பாட்டி சொல்லிவந்த கதையின் நட்சத்திரத் தடம் பேத்தியே என்பது அப்போதுதான் விளங்குகிறது.

மூலமான சித்திரக்கதையில் கமலாவின் ஆற்றல் வேறுவகைப்பட்டது. அங்கு ஒரு மர்மப் புகை அவளுடைய உடலை நீளவும் விரியவும் செய்கிறது. அதற்கும் பாட்டிக்கும் தொடர்பில்லை. தொலைக்காட்சி வடிவம் ஆற்றலின் திறவுகோலைப் புகையிலிருந்து பூட்டியின் வளையலுக்கு மாற்றியது. சித்திரக்கதை வாசகர் பலரும் இம்மாற்றத்தைக் கடிந்தனர். ஆனால் ‘குடும்பக்கதை நிரப்பியா?’ என்னும் வினாவிற்கான விடை இம்மாற்றத்திலேயே உள்ளது. வளையல் வந்தபின் இத்தொடரில் குடும்பத்தை அகற்றிவிட்டால் ஆற்றலும் அகன்றுவிடும். எஞ்சுவதற்குக் கதை ஏதுமில்லை.

இதனை மொழியியல் நோக்கில் அணுகுவோருக்கு ‘நானி’ என்ற ஒரு சொல் போதும். கமலா தன் பாட்டியை நானி என்று அழைக்கிறாள். அவளைச் சூழ்ந்துள்ள ஆங்கிலத்தில் தாயின் தாயையும் தந்தையின் தாயையும் குறிக்க ஒரே சொல்தான் உண்டு. உருதுவில் நானி வேறு, தாதி வேறு. தமிழிலும் பொதுவழக்கான ‘பாட்டி’ இவ்வேறுபாட்டை மறைத்தாலும் வட்டார வழக்குகள் அதனைக் கைவிடவில்லை: அம்மாச்சி, அம்மாயி, அம்மம்மா ஒரு பக்கம்; அப்பத்தா, அப்பாயி, அப்பம்மா மறு பக்கம். ஆயிஷாவிடமிருந்து சனாவுக்கும், சனாவிடமிருந்து அவள் மகள் முனீபாவின் வழியே கமலாவுக்கும் வளையல் இறங்கிவருவது தாய்வழியிலேயே. அந்த வழி முழுவதையும் நானி என்னும் ஒற்றைச் சொல் தன்னுள் சுமக்கிறது. உறவுச்சொல்லின் இலக்கணம் தெரிந்த பார்வையாளர் அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வளையல் வந்த பாதையை அறிந்துகொள்கிறார். அறியாதவருக்கு அது ஓர் அன்பான விளி மட்டுமே. ரசிகர்களின் கருத்து வேறுபாட்டில் ஒரு பகுதியேனும் இங்கிருந்து பிறக்கிறது.

உறவைத் தனித்து நிற்கவிடாத மொழிகளும் உண்டு. சங்கத் தமிழில் எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை, தந்தை என்றால் அவன் தந்தை. அவ்வாறே யாய், ஞாய், தாய். ‘யாருடைய’ என்பதைச் சொல்லாமல் தந்தையையோ தாயையோ சொல்ல இயலாது. இன்றைய தமிழில் அவ்வமைப்பு தளர்ந்து, தந்தையும் தாயும் பொதுப்பெயர்களாகிவிட்டன; தம்பி, தங்கை போன்ற சொற்களின் முதலசையில் மட்டும் அதன் சுவடு உறைந்திருக்கிறது. அந்தமானின் தொல்குடி மொழியான கிரேட் அந்தமானியத்தில் இதே இயல்பு இன்னும் வலுவாக உண்டு. அன்விதா அப்பியின் ஆய்வுகள் காட்டுவதுபோல, அம்மொழியில் உறவுப்பெயர்களும் உடலுறுப்புப் பெயர்களும் பிரிக்கவியலா உடைமையாக உரியவரைச் சுட்டும் முன்னொட்டோடு வருபவை. கையும் தாயும் ஒரே வகை உடைமை. இத்தகைய இலக்கணத்தில் ‘நாயகி தனி, குடும்பம் தனி’ என்ற பகுப்பை எண்ணிப்பார்ப்பதே கடினம்.

அந்தமானை இங்குக் கொண்டுவருவதற்கு இலக்கண ஒப்புமை மட்டும் காரணமன்று. மிஸ் மார்வெல் வெளிவந்த காலத்தில் இத்தீவுகள் புதிதாக ஒரு நூலிழையால் பெருநிலத்தோடு கட்டப்பட்டிருந்தன. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் பிற தீவுகளுக்குமாக ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்குமுன் செயற்கைக்கோள் வழிக் கிடைத்த குறுகிய அலைவரிசையில் ஒரு தொடரை வாரந்தோறும் இணையத்தில் காண்பது எளிதாயிருக்கவில்லை. இத்தீவுகள் உலகோடு சேர்ந்து ஒரே வாரத்தில் ஒரே கதையைக் காணும் வசதி மிக அண்மையது.

அவ்வாறு வந்த கதை, ஓர் இடப்பெயர்வின் கதையாக இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. தாய்மொழியாக வங்காளத்தைக் கூறியோர் ஏறத்தாழ 28 விழுக்காடு. தமிழைக் கூறியோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. இவ்வெண்களுக்குப் பின்னால் கப்பல்கள் இருக்கின்றன. 1949 முதல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிக் குடும்பங்கள் அரசால் இங்குக் குடியமர்த்தப்பட்டன. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் எனவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் எனவும் பங்கிட்டது. அவ்வாறு தாயகம் திரும்பியோர் எனப் பெயர்பெற்றோரில் ஒரு பகுதியினர் 1970-களில் நிக்கோபார் கூட்டத்துக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலருக்குத் ‘தாயகம்’ என்பது அதற்குமுன் கண்டிராத நாடு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கச்சாலைக் கடுமையாகத் தாக்கியபோது சிலருடைய வாழ்க்கை மீண்டும் ஒருமுறை வேரோடு பெயர்ந்தது.

ஆகவே, கமலாவின் பாட்டி தன் கடவுச்சீட்டு ஒரு நாட்டையும் வேர் இன்னொரு நாட்டையும் சேர்ந்தவை என வருந்தும் காட்சி தீவின் பார்வையாளர்களுக்கு அயல்நாட்டுச் செய்தியாக இருக்க வேண்டியதில்லை. அவ்வகையான கதையைச் சொல்லும் பாட்டிமார் அங்குள்ள வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

காதலுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆயிஷா–ஹசன் காதல் இல்லையெனில் சனா இல்லை, முனீபா இல்லை, கமலா இல்லை. தொடரில் காதல் என்பது வம்சாவளியின் தொடக்கப்புள்ளி. தீவின் வரலாற்றிலும் அவ்வாறே. 1858-இல் தொடங்கிய தண்டனைக் குடியிருப்பில், நன்னடத்தையால் தற்சார்புக் கைதிகளாக உயர்த்தப்பட்ட ஆண்கள் பெண் கைதிகளை மணக்க அனுமதிக்கப்பட்டனர். சாதி, சமயம், மொழி ஆகிய எல்லைகளைக் கடந்த அம்மணங்களிலிருந்து ‘லோக்கல் பார்ன்’ என இன்றும் அழைக்கப்படும் சமூகம் உருவாயிற்று. அம்மணங்களில் ஆட்சியின் கணக்கு எவ்வளவு, மனத்தின் விருப்பம் எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. ஆயினும் யார் யாரை மணந்தார் என்பது அங்கு வரலாற்றின் பக்கவாட்டுச் செய்தியாக இருந்ததில்லை. தீவின் சமூகமே அதிலிருந்துதான் எழுந்தது.

இத்துணை கூறியபின் தொடரின் குறைகளையும் கூறுவதே நேர்மை. முதலாவதாக, அது காட்டும் பிரிவினை மேற்கு எல்லையின் பிரிவினை. கராச்சி நோக்கிய ரயில் அதன் குறியீடு. ஆண்டுக்கணக்கில் நீண்டு, வங்காள விரிகுடாவைக் கடந்து, தீவின் காட்டோரக் குடியிருப்புகளில் முடிந்த கிழக்குப் பிரிவினைக்கு அதில் இடமில்லை. இரண்டாவதாக, தொலைந்த குழந்தையைப் பேத்தி காலம் கடந்து சென்று மீட்டுவிடுகிறாள். வரலாற்றின் காயத்திற்கு மந்திர மருந்து கிடைத்துவிடுகிறது. ரயில் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் தொலைந்த குழந்தைகள் எல்லோருக்கும் ஒளிப்படிகள் அமையவில்லை. மூன்றாவது குறை தொடரினுடையது அன்று. அதைத் தீவோடு ஒப்பிடுவோர் செய்யக்கூடியது. அகதியின் புது வீடு வேறொருவரின் காடாக இருந்தது. குடியேற்றத்திற்காகக் காடு வெட்டப்பட்டபோது ஜாரவாக்களின் நிலமும், சிறிய அந்தமானில் ஓங்கேக்களின் நிலமும் சுருங்கின. இடம்பெயர்ந்தோரின் துயரைப் பேசும் கதை, அவர்களால் இடமிழந்தோரைக் குறித்து மௌனம் காத்தால் பாதிக்கதையாகவே நிற்கும்.

குறைகள் இருப்பினும் தொடர் ஒன்றைச் சரியாகப் பற்றிக்கொண்டது. சூப்பர் ஹீரோ மரபில் நாயகரின் மெய்யடையாளம் நெருக்கமானோரிடமிருந்தே மறைக்கப்படும். தூர்தர்ஷனில் 1997-இல் தொடங்கிய ‘சக்திமான்’ தொடரிலும் நாயகன் கங்காதர் என்னும் வேடத்துள் ஒளிந்து, உடன் பணியாற்றும் செய்தியாளர் கீதா விஸ்வாஸிடம் நெடுங்காலம் தன்னை மறைத்தே வாழ்ந்தான். கமலாவின் கதை எதிர்த்திசையில் நகர்கிறது. நாயகிக்குரிய உடையை அம்மா முனீபா தருகிறாள். பெயரோ அப்பாவின் வாயிலிருந்து வருகிறது: கமல் என்றால் அற்புதம் என அவர் பொருள் விளக்கும்போது, ‘மார்வெல்’ தன் பெயருக்குள்ளேயே இருந்ததைக் கமலா உணர்கிறாள். தமிழ்க்காதுக்குக் கமலா என்றதும் தாமரைதான் நினைவுக்கு வரும். அப்பா சுட்டுவதோ அரபியிலிருந்து உருதுவுக்கு வந்த வேறொரு சொல்லின் பொருளை. ஒலி ஒன்று, வேர் இரண்டு. அப்பாவின் வீட்டுமொழி தெரிந்தால்தான் மகளின் பட்டப்பெயர் விளங்கும். முகமூடிக்குப் பின்னுள்ள பெயரைக் குடும்பமே அறியும், குடும்பமே தரும் என்பது அம்மரபில் சிறிய மாற்றமன்று.

முனீபாவின் பாத்திரத்திலிருந்து ஆய்வுலகம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. தன் தாய் சனா சொல்லும் வினோதக் கதைகளைச் சகியாமல் அவற்றிலிருந்து விலகி வந்தவள் முனீபா. கதை ஒரு தலைமுறையைத் தாண்டிப் பேத்தியிடம் சென்று சேர்கிறது. நடுத்தலைமுறை கேட்க மறுத்ததைப் பேத்தி கேட்டாள். எல்லா வீட்டிலும் அவ்வாறு நேரும் என்பதற்கு உறுதியில்லை. 2010 ஜனவரி 26 அன்று மறைந்த போவா சீனியர், அகா-போ மொழியின் இறுதிப் பேச்சாளர். அவரோடு அம்மொழி பேசப்படுவது நின்றது. அவருடைய பேச்சிலும் பாட்டிலும் ஒரு பகுதியேனும் இன்று கேட்கக் கிடைப்பதற்குக் காரணம், அவர் உயிரோடிருக்கையில் ஒருவர் அருகிலமர்ந்து பதிவுசெய்தார் என்பதே.

கச்சாலுக்கு இருபது, இருபத்தைந்து வயதில் வந்திறங்கியோர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். 1949-இல் குழந்தையாகக் கப்பலேறிய வங்காளப் பாட்டிமாரின் வயது அதனினும் அதிகம். அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே தீவின் பொதுமொழியான அந்தமான் இந்தியில் உரையாடி வளர்ந்தவர்கள். ஆகையால் நானி என்ற சொல்லும் அவர்களுக்குத் தெரியும். அம்மாச்சியும் தெரியும், அல்லது தெரிந்திருக்கும் கடைசித் தலைமுறையாக அவர்கள் இருக்கக்கூடும். எந்த உறவை எந்த மொழியில் விளிக்கிறார்கள், எந்தச் சொல் இந்திக்கு இடம்விட்டது, எது விடவில்லை என்பவை முனைவர் பட்டத்திற்கே தகுதியான வினாக்கள். அவற்றைக் கேட்கத் தொடங்குவதற்கு ஆய்வு நிதியும் கோட்பாட்டு நூலும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு தொடரைப் பற்றிய ரசிகர் பேச்சை ஆய்வுக்குத் தகாத வெட்டிப்பேச்சென ஒதுக்கும் துறைகள் இவ்விடத்தில் சற்று நிதானிக்கலாம். ‘கமலாவின் பாட்டி சொன்னதுபோல் உங்கள் வீட்டிலும் ஏதேனும் கதை உண்டா?’ என்ற வினா, வினாநிரல் எதனையும்விட எளிதில் ஒரு மாணவரைத் தன் வீட்டு முதியவரிடம் அனுப்பிவைக்கும். விடுமுறைக்குத் தீவுக்குத் திரும்பும் மாணவர் கைபேசியின் ஒலிப்பதிவை இயக்கி, ஊர், கப்பல், உடன் வந்தோர், வழியில் தொலைந்தோர் ஆகிய நான்கைப் பற்றி மட்டும் கேட்டால் போதும். பாட்டியின் இசைவைப் பெற்று, தேதியும் இடமும் குறித்து, அவர் பேசும் மொழியிலேயே எழுத்தில் பெயர்த்துத் துறை நூலகத்தில் சேர்ப்பது அடுத்த வேலை. குடும்பக்கதை நிரப்பியா என்ற வாதத்தை அதன்பின் தொடரலாம்.