வெறுங்கையால் முழம் போடலாமா?

ஆசிரியருக்கு,

சென்ற ஆண்டு என் தம்பியைத் தனியார் போதை மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்த்தோம். ஆதார் நகல் கேட்டார்கள், முன்பணம் கேட்டார்கள், "எத்தனை வருஷமாக் குடிக்கிறாரு?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். இரண்டாம் நாள் இரவு அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. மறுவாழ்வு மையத்தையே தொழிலாக நடத்துகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அவசரமாகத் தூக்கிக்கொண்டு போன மருத்துவமனையில்தான் ஒரு தாளைப் பார்த்தேன். கை நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம் என்று பத்து அறிகுறிகள். செவிலியர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து, "கையை நீட்டுங்க தம்பி" என்று நடுக்கத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டார். அதை வைத்தே மருந்தின் அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். தேவைப்பட்டது ஒரு தாளும் ஒரு பேனாவும்.

குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அறியவும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாள் 1989-லிருந்தே இருக்கிறது. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். எட்டு வந்தால் எச்சரிக்கை. இருபது வந்தால் குடி அடிமை நோயா என்று மருத்துவர் தீர ஆராய வேண்டும்.

ஆனால், கடமைக்கு நிரப்பினால் இதுவும் வீண். "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டால் நம் ஊரில் "ஒண்ணே ஒண்ணுதான்" என்பார்கள். அந்த 'ஒண்ணு' ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி. வினாத்தாளின் கணக்குப்படி அது ஏறக்குறைய ஆறு 'டிரிங்க்'. தெரியாதவர் 'ஒன்று' என்று எழுதினால் அந்தக் கேள்விக்குச் சுழியம்தான். ஆகவே நம் பேச்சுவழக்குக்கு ஏற்ற வினாத்தாளும் அதைக் கேட்கப் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும்.

குடி அடிமைகளில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று மத்திய அரசின் 2019 ஆய்வறிக்கை சொல்கிறது. கிடைத்த அந்த ஒருவருக்காவது ஒழுங்காகக் கிடைக்க வேண்டாமா? மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் அடங்கிய மனநோயைத் தேசிய அல்லது சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படிதான் தீர்மானிக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். சுவரொட்டிகளோ 'நூறு சதவீதம் குணம்' என்கின்றன. எதை வைத்து அளந்தார்கள்?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற தமிழக அரசால் இந்த அளவீட்டைச் செய்ய முடியாதா? அரசு, தனியார் என்ற பேதமின்றி எல்லா மையங்களிலும் சேரும் நாளிலேயே நோயின் தீவிரத்தை அளந்து பதிய வேண்டும். வெளியேறும்போதும் மூன்று மாதம் கழித்தும் மனச்சோர்வு எவ்வளவு, கடந்த 30 நாளில் குடித்த நாட்கள் எத்தனை என்று கேட்டுப் பதிய வேண்டும். பெயர்களை நீக்கி, மையவாரியாக முடிவுகளை வெளியிட வேண்டும். அதைச் செய்யாத மையத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது. சுகாதாரத் துறை இதை உடனே ஆணையாகப் பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்.