எச்சரிக்கையை அடக்குவதும் ஆராயாமல் கீழ்ப்படிவதும்

அகத்தியர்கூட மலையேற்றம் போனக்காட்டிலிருந்து தொடங்குகிறது. அட்டைக்கடிக்கு நடுவே அக்காட்டில் ஒரு மழைக்காலத்தில் எடுக்கப்படும் அளவீடுகளை இன்னொரு முறை எடுக்க இயலாது. அந்த மழைக்காலம் திரும்பி வராது. அத்தகைய தரவை அலசும் நிரலோ, ஆய்வேடு முடியும்வரைகூட ஓடும் என்னும் உறுதியில்லை.

நம்பை நூலகத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2021 சனவரியில் வெளியான அதன் 1.20ஆம் பதிப்பு, ‘என்பி.ஃப்ளோட்’ முதலிய மாற்றுப்பெயர்கள் கைவிடப்படவுள்ளன என எச்சரித்தது. 2022 டிசம்பரில் வந்த 1.24ஆம் பதிப்பு அவற்றை நீக்கிவிட்டது. இடைவெளி இரண்டாண்டுகூட இல்லை. முனைவர் பட்ட ஆய்வோ பெரும்பாலும் அதைவிட நீளும். இந்நிலையில் பலர் செய்வது, நிரலின் தொடக்கத்திலேயே எல்லா எச்சரிக்கைகளையும் ஒட்டுமொத்தமாக அடக்கிவிடுவது. திரை தூய்மையாகிறது, நூலகம் புதுப்பிக்கப்படும் நாளில் நிரல் நின்றுவிடுகிறது.

இதன் மறுகோடியும் தீங்கானதே. ரஃப் போன்ற நிலைப் பகுப்பாய்வுக் கருவிகள், நிரலை ஓட்டாமலே பழைய வழக்குகளைச் சுட்டுகின்றன. சுட்டியவை அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றுவோர், அவற்றுள் இருவகை உண்டு என்பதை மறக்கின்றனர். ‘என்பி.ஃப்ளோட்’ என்பது பைத்தானின் ‘ஃப்ளோட்’டுக்கே இன்னொரு பெயர், அதை மாற்றினால் விடை மாறாது. சமவாய்ப்பு எண்களின் கதை வேறு. பழைய செயற்கூறுகளுக்குப் பதிலாக, 2019இல் 1.17ஆம் பதிப்பில் அறிமுகமான புதிய ஆக்கியை இட்டால், அடிப்படை வழிமுறையே மெர்சென் ட்விஸ்டரிலிருந்து பிசிஜிக்கு மாறுகிறது. அதே விதையெண் வேறு எண்வரிசையைத் தரும். அச்சேறிய கட்டுரையின் அட்டவணையோடு புதிய விடை பொருந்தாது.

ஆகவே எச்சரிக்கைகளை முதலில் தரம் பிரிக்க வேண்டும். பெயர் மட்டும் மாறுவதாயின் உடனே திருத்துவதே முறை. கணிப்பு மாறுவதாயின், வெளியான முடிவுகளுக்குரிய நிரலை அதன் நூலகப் பதிப்பு எண்களோடு அப்படியே காத்து, புதிய பணிக்குப் புதிய ஆக்கியைக் கொள்ளலாம். எச்சரிக்கையை அடக்கியே தீரவேண்டுமெனில் அந்த ஒரு வரியில் மட்டும், அந்த ஒரு விதிக்கு மட்டும், காரணத்தைப் பக்கத்திலேயே எழுதி அடக்குக.

ஆய்வாளர் நிரலாளர் அல்லர், இது அவர் வேலையன்று என்பர் சிலர். மழைமானியைச் சரிபார்க்காமல் மழையளவை எழுதும் ஆய்வாளரை எந்த நெறியாளரும் ஏற்பதில்லை. நிரலும் அளவைக் கருவியே.