கதை விற்பவர் மீது கல்லெறிவோருக்கு

கதைப் புத்தகம் விற்பது பாவமா, அதை வாங்கிப் படிப்பது ஈமானுக்கு ஊறு செய்யுமா என்னும் வினா நம் மஹல்லாக்களில் மீண்டும் எழுப்பப்படுகின்றது. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்பெற்ற காஞ்சிபுரத்தில் புத்தகம் விற்கும் ஒருவர் மீது சிலர் சாட்டும் குற்றமே இப்போது இவ்வினாவுக்கு வித்து. அவர் மர்ம நாவல்களிலும் மாயாஜாலக் கதைகளிலும் தீராத மோகம் கொண்டவர். கடைக்கு வருவோரிடம் பாதிக் கதையைச் சொல்வார்; பூட்டிய அறையின் கதவு திறக்கும் இடத்தில் நிறுத்துவார்; புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார். தறிவீட்டுப் பிள்ளைகளும் ஜவுளிக்கடைச் சிப்பந்திகளும் நம் வீட்டுப் பெண்மக்களும் அவரிடம் வாங்கிப் படிக்கின்றனர். உடனே, "பொய்யை விற்கிறார், பிள்ளைகளைக் கெடுக்கிறார், நம் படிப்பகத்தில் இவை நுழையலாகாது" என்று சிலர் முழங்குகின்றனர். இம்முழக்கத்தை நாம் மறுக்கின்றோம். மார்க்கத்தின் பெயரால் இது சொல்லப்படுவதால், மார்க்கக் கல்வியின் துணைகொண்டே மறுக்கின்றோம்.

முதலில் அவர்கள் எடுத்துக்காட்டுவது திருக்குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்து 6ஆம் வசனம். வீண் பேச்சை விலைக்கு வாங்குவோரை அது கண்டிக்கின்றது. நள்று இப்னு ஹாரிஸ் என்னும் மக்கத்துக் குறைஷி, ருஸ்தம், இஸ்பந்தியார் ஆகிய பாரசீக வீரர்களின் கதைகளைக் கொண்டுவந்து சொன்னான் என்பது அவ்வசனத்துக்கு விரிவுரையாளர் கூறும் பின்னணிகளுள் ஒன்று. அவ்வசனம் இசையைக் குறிக்கும் என்ற விளக்கமும் உண்டு. கதைப் பின்னணியையே கொள்வோம். நள்று கண்டிக்கப்பட்டது எதற்காக? மக்களை இறைவழியிலிருந்து திருப்பும் நோக்கத்துக்காக. அந்நோக்கம் அவ்வசனத்திலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளது. கதை என்ற ஒன்றே குற்றமாயின், 12ஆம் அத்தியாயமாகிய சூரத்து யூசுபு தன்னை வரலாறுகளில் அழகியது என்று அறிமுகம் செய்துகொள்ளுமா? அது உண்மை வரலாறு, நாவலோ கற்பனை என்பர். அந்த வேறுபாட்டை நாமும் மறக்கவில்லை. இரண்டையும் ஒரு தட்டில் வைப்பாரும் யாருமில்லை. ஆனால் கேட்பவரை அடுத்தது என்ன என்று ஏங்கச் செய்யும் கதைமுறை இழிவானதன்று என்பதற்கு அது போதிய சான்று.

இனி, கற்பனை பொய்யாகுமா? பொய் என்பது கேட்பவன் மெய்யென நம்பும்படி ஏமாற்றுவது. நாவல் வாங்குபவன் அது நாவல் என்று அறிந்தே வாங்குகிறான்; அங்கே ஏமாறுபவன் ஒருவனுமில்லை. இந்த வழக்கு நமக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 516இல் மறைந்த பஸராவின் அல்ஹரீரி தம் மகாமாத்தின் முன்னுரையிலேயே இதே குற்றச்சாட்டை எதிர்கொண்டு, விலங்குகளும் வாயில்லாப் பொருள்களும் பேசும் கதைகளை எவரேனும் வெறுத்ததுண்டா என்னும் கருத்துப்பட வாதிட்டார். அந்நூலின் தலைவன் யார்? ஊர்தோறும் வேடம் மாற்றி, நாவன்மையால் மக்களிடம் பணம் பறிக்கும் ஸரூஜ் நகரத்து அபூஸைது! அந்த எத்தனின் கதையை நிஜாமிய்யாப் பாடத்திட்டம் மத்ரஸாக்களில் அரபு இலக்கியப் பாடமாக வைத்தது. தலைமுறை தலைமுறையாக ஆலிம்கள் அதை மனனம் செய்தனர். அரபியில் எத்தன் கதை கல்வி, தமிழில் துப்பறியும் கதை கேடு என்பது என்ன நீதி? அப்பாஸிய காலத்தில் இப்னுல் முகப்பஃ அரபியில் ஆக்கித் தந்த கலீலா வதிம்னாவோ நம் இந்திய மண்ணின் பஞ்சதந்திரத்திலிருந்து சென்றது. நரிகள் அரசியல் பேசும் அந்நூலைப் பொய் என்று ஒதுக்கியிருந்தால் அரபு உரைநடை எவ்வளவு வறுமைப்பட்டிருக்கும்!

தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத்தையும் சற்றே புரட்டுவோம். கிஸ்ஸா, மசலா, படைப்போர், நாமா என நம் முன்னோர் வளர்த்த வகைகளுள் படைப்போர் போர்ச் சாகசம் நிறைந்தது. கிஸ்ஸா என்பதே கதை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்ற இமாமுல் அரூஸ் (1816–1898) எத்தகைய மார்க்க மேதை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அப்பெருந்தகை அரபுத் தமிழில் 'தாமிரப்பட்டணம்' என்னும் அற்புதக் கதையைத் தந்தார். 1858ஆம் ஆண்டை அதற்குரியதாக ஆய்வாளர் குறிப்பர். ஆயிரத்தோரிரவுகளிலும் இடம்பெற்ற அந்தப் பித்தளை நகரக் கதை, செல்வத்தின் நிலையாமையைச் சொல்லவே மாயத்தைக் கையாள்கின்றது. கண்டியில் வாழ்ந்த சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' இலங்கைத் தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படுவது. களவாடப்பட்ட குழந்தை, கடல் கடந்த பயணம், மறைந்திருந்த பிறப்பு வெளிப்படுதல் என அதன் அமைப்பு முழுவதும் இன்று மர்ம நாவல் என்று நாம் அழைப்பதன் அமைப்பே. 'முஸ்லிம் நேசன்' நடத்தி நம் சமுதாயத்தைக் கல்விக்கு எழுப்பியவர் அந்தச் சித்திலெவ்வைதான். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் வெளியிட்ட 'காதலா கடமையா' நாவலுக்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை தந்தார். இவர்களெல்லாம் சமுதாயத்தைக் கெடுத்தவர்களா?

காஞ்சிக்கும் இது அந்நியமன்று. வான்வழி செல்லும் மந்திரமும் வேற்றுருக் கொள்ளும் வித்தையும் வற்றாத அமுதசுரபியும் கொண்ட மணிமேகலை, பசிப்பிணி தீர்க்க வந்து சேர்ந்த நகரம் இதுவே என்கிறது தமிழ்க் காப்பியம். அற்புதக் கதை இம்மண்ணின் பழைய சரக்கு.

ஆயினும், அந்தப் புத்தக வியாபாரிக்கும் நாம் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பாக்தாதின் இப்னுந் நதீம் அவரைப் போலவே புத்தகத் தொழில் செய்தவர். ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) 'அல்பிஹ்ரிஸ்த்' என்னும் பெரும் நூற்பட்டியலை ஆக்கினார். அதன் பத்துப் பகுதிகளில் எட்டாவதை இராக்கதைகளுக்கும் மாயக்கதைகளுக்கும் தந்தார். ஆயிரத்தோரிரவுகளுக்கு மூலமான பாரசீக நூலைப் பலமுறை முழுமையாகக் கண்டதாகக் கூறி, அது சுவையற்ற நூல் என்றும் கூசாமல் எழுதிவைத்தார். பட்டியலிலிருந்து நீக்கவுமில்லை, இல்லாத புகழைச் சேர்க்கவுமில்லை. புத்தகம் விற்பவருக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் ஏது?

நம் வியாபாரியோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புகழ்கிறார். ஆயிரத்தைந்நூறுக்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாரும், 1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகம் செய்த இரும்புக்கை மாயாவியும், அட்டையில் பெண்ணின் உடலையும் குருதியையும் காட்டி உள்ளே ஒன்றுமில்லாத மலிவுச் சரக்கும் அவருக்கு ஒரே 'அற்புதம்'! காஞ்சியில் சேலை வாங்குவோர் சரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்ப்பர். நேர்மையான கடைக்காரர் அசல் இது, போலி இது என்று தாமே சொல்லிவிடுவார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுள் கையை நுழைத்து, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தி நாமறிந்ததே. புத்தகக் குவியலுக்கும் அந்நீதி பொருந்தும். இது பெரியோர்க்கு, இது சிறுவர்க்கு, இது பொழுதுபோக்கு, இது நெஞ்சில் நிற்பது என்று பிரித்துச் சொல்வது அவர் மோகத்துக்கு இழுக்கன்று, அதற்கு மதிப்பு.

அவரைத் தூற்றுவோரே! அவரிடம் போய் 'அசன்பே சரித்திரம்' இருக்கிறதா என்று நீங்கள் என்றேனும் கேட்டதுண்டா? நம் கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் எளிய உரைநடையில் பிள்ளைகள் விரும்பும் வண்ணம் அச்சிட்டோமா? திருமண விருந்துக்கு இலட்சங்களைச் செலவிடும் சமுதாயம் இதற்கு எவ்வளவு ஒதுக்கியது? அச்சில் இல்லாததை அவர் எங்ஙனம் விற்பார்?

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். அவர் கடையை மூடிவிட்டால் பிள்ளைகள் அன்று மாலையே தப்ஸீரை விரிப்பர் என்பது கனவு. கைப்பேசியைத்தான் விரிப்பர். ஒரு காலத்தில் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய பாக்கெட் நாவல்களின் செல்வாக்கைத் தொலைக்காட்சி குறைத்தது. எஞ்சியதைக் கைப்பேசி விழுங்குகின்றது. இந்நாளில் இருநூறு பக்கங்களைத் தமிழில் ஊன்றிப் படிக்கும் பிள்ளை நமக்குக் கிடைத்த செல்வம். எழுத்தில் நிலைத்து நிற்கப் பழகிய கண்ணே பின்னர் சீறாப்புராணத்தையும் எட்டும், விரிவுரைகளையும் எட்டும். படிக்கவே பழகாத கண்ணுக்கு நாம் எதைத் தருவது?

ஆகவே படிப்பகத்தின் அலமாரியைப் பூட்டாதீர்கள். தேர்ந்த கதை நூல்களை வைத்து, அவற்றினருகே நம் பழங்கதைகளையும் வையுங்கள். பிள்ளை படித்து முடித்ததும், கதையில் நீதி எங்கே வென்றது, எங்கே தோற்றது என்று கேளுங்கள். தடுப்பவன் வாயிலில் நிற்கிறான். கற்பிப்பவன் உடன் நடக்கிறான். நம் ஆலிம்கள் உடன் நடந்தவர்கள்.