பஸ்ஸுக்கு ஒரு சட்டம். காருக்கு ஒரு சட்டமா?

சனிக்கிழமை வந்தால் திருநள்ளாறு சாலையில் கார்கள் சாரை சாரையாகப் போகின்றன. அதே சாலையின் ஓரத்தில், நடவு முடித்து, காலில் சேறு காயாமல் நம் பெண்கள் நடந்து வருகிறார்கள். ஷிப்டு முடிந்த மில் தொழிலாளி சைக்கிளில் வருகிறார். அவர்களை உரசிக்கொண்டு பாயும் கார்களுக்குப் பிரேக் பிடிக்கிறதா? ஸ்டியரிங் உறுதியாக இருக்கிறதா? டயர் வழுக்கையாகிவிட்டதா? சர்க்கார் இதை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கிறது?

15 ஆண்டுக்கு ஒரு முறை!

ஆம், தோழர்களே. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தக் காரை ஒரு தடவை பதிவு செய்தால் அது 15 ஆண்டு செல்லும். அதன் பிறகுதான் வண்டியை அதிகாரி முன் நிறுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பின்னர் 5 ஆண்டுக்கு ஒரு முறை. இடையில் புகைச் சான்று கேட்பார்கள். அது புகையைப் பார்க்கும், பிரேக்கைப் பார்க்காது. "இன்ஷுரன்ஸ் இருக்கிறதே" என்பார் சிலர். இன்ஷுரன்ஸ் செத்தவர் குடும்பத்துக்குப் பணம் தரும், சாவைத் தடுக்காது.

பஸ், லாரி, ஆட்டோ, வாடகைக் கார் இவற்றுக்கு என்ன விதி? புது வண்டிக்கு 2 ஆண்டுக்கு எப்.சி. வண்டிக்கு 8 வயதாகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை. அதற்கு மேல் ஆண்டுதோறும். பிரேக் இன்ஸ்பெக்டர் சரி என்றால்தான் வண்டி சாலையில் ஓடலாம். இந்த விதியை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால், மோதுகிற வண்டி வாடகை வண்டியா, சொந்த வண்டியா என்று அடிபட்டவரின் எலும்பு கேட்குமா?

2022-ம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய சர்க்காரே கணக்குக் கொடுத்தது. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். எல்லாச் சாவுக்கும் வண்டிப் பழுதே காரணம் என்று நாம் சொல்லவில்லை. வேகம் உண்டு, குடி உண்டு, கெட்ட சாலை உண்டு. ஆனால் பழுதான பிரேக் என்பது முன்கூட்டியே கண்டு நீக்கக்கூடிய காரணம். அதையும் பார்க்காமல் விடுவது எந்த நியாயம்?

அதிலும் நம் காரைக்கால் கடலோர ஊர். உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. காரின் அடியில் ஓடும் பிரேக் குழாய் அரித்துப்போனால், மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வெளியே பளபளப்பு, உள்ளே துரு!

1954 வரை நம்மை ஆண்ட பிரான்சில் சொந்தக் காரை 4 ஆண்டு முடிவதற்குள் சோதிக்க வேண்டும். பிறகு 2 ஆண்டுக்கு ஒரு முறை. நம் பிள்ளைகள் பிழைக்கப் போகும் சிங்கப்பூரில் 3 வயது முதல் 2 ஆண்டுக்கு ஒரு முறை. 10 வயதுக்கு மேல் ஆண்டுதோறும். அவையும் முதலாளித்துவ நாடுகள்தாம். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

மில் தோழர்களுக்கு பாய்லர் சோதனை தெரியும். 1863-ல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்துப் பலர் மாண்ட பிறகுதான், மறு ஆண்டு வங்காளத்தில் அதற்குச் சட்டம் வந்தது. பாய்லர் முதலாளியின் சொந்தச் சொத்துதான். ஆனாலும் அது வெடித்தால் சாவது தொழிலாளி. ஆகவே சோதனை வேண்டும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. பொதுச் சாலையில் ஓடும் காருக்கு மட்டும் வேறு நியாயமா?

சோதனை என்றால் ஆட்சியாளர்களுக்குக் கட்டணம்தான் நினைவுக்கு வருகிறது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். தொழிலாளியின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயை 1,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு 2,000 என்றார்கள். கட்டணம் ஏறியது, சோதனை ஒரு தடவைகூட ஏறவில்லை! வசதி படைத்தவர் 15 ஆண்டுக்குள் காரை மாற்றிவிடுவார். பழைய வண்டியை வைத்திருப்பவர்தான் கட்டி அழ வேண்டும்.

"சோதனை கூடினால் லஞ்சம் கூடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதே. அதற்கு வழி சோதனையைக் கைவிடுவதல்ல. பிரேக் எவ்வளவு பிடித்தது என்று மெஷின் அளக்கட்டும். அளந்த எண்ணை அச்சடித்து வண்டிக்காரர் கையில் கொடுக்கட்டும்.

எனவே நாம் கோருவது இதுதான்: சொந்தக் காருக்கு 4-ம் ஆண்டில் முதல் சோதனை, பின் 2 ஆண்டுக்கு ஒரு முறை, 10 வயதுக்கு மேல் ஆண்டுதோறும். சோதனை நிலையம் சர்க்கார் கையில் இருக்க வேண்டும். லாப வேட்டைக்காரரிடம் போகக் கூடாது. காரின் விலைக்கேற்பக் கட்டணம் வாங்கு. உழைப்பாளியின் மோட்டார் சைக்கிளை இலவசமாகச் சோதித்துக் கொடு.

சாலை காருக்கு மட்டும் போட்டதல்ல. அதன் ஓரத்தில் நடப்பவருக்கும் வீடு போய்ச் சேர உரிமை உண்டு. யூனியன் கூட்டங்களிலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டங்களிலும் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புவோம்!