கும்பலை வைத்துக் கதை எழுத முடியாது

"மலையகத்துல ஏது போர்?" என்ற கேள்வி இலக்கியக் கூட்டங்களில் இன்னும் கேட்கிறது. கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருப்பதில்லை. போர்க்கதை என்றால் வடக்கும் கிழக்கும். மலையகக் கதை என்றால் லயம், கொழுந்து, கங்காணி, சம்பளம் என்று யாரோ எப்போதோ பாகம் பிரித்து வைத்துவிட்டார்கள். அந்தப் பிரிவினைப் பத்திரத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஊவாவிலிருந்து எழுதவரும் இளைஞனும் அதை நம்பிக்கொண்டுதான் வருகிறான். போரைப் பற்றி எழுத ஆசைப்பட்டால், தான் பார்த்தேயிராத முல்லைத்தீவுக் கடற்கரைக்குத் தன் கதையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பெரகலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற தன் சித்தப்பாவிடம் கேட்க வேண்டியது எதுவும் இல்லை என்று நினைக்கிறான்.

இதற்கு அடியில் இன்னொரு நம்பிக்கை கிடக்கிறது. வேர் அதுதான். கதைக்கு முரண் வேண்டும், போரைவிடப் பெரிய முரண் ஏது, ஆகவே போரைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் கதை தானாக நடக்கும் என்பது அது. இரண்டு படைகள் சுட்டுக்கொள்கின்றன. நடுவில் சனம் சாகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்த நம்பிக்கை நம் சிறுகதைக்குச் செய்த கெடுதி கொஞ்சநஞ்சமல்ல.

போட்டிகளுக்கு வரும் கதைகளைப் படித்தவர்களுக்கு இது தெரியும். ஷெல் விழும். பங்கருக்குள் ஒரு தாய் பிள்ளையை அணைத்தபடி இருப்பாள். பிள்ளைக்குப் பசிக்கும். தகப்பன் தண்ணீர் எடுக்கப் போவான். கடைசி வரியில் யாராவது ஒருவர் பிணத்தைப் புரட்டிப் பார்ப்பார். பத்துக் கதைகளை எடுத்துப் பெயர்களை மாற்றிப் போட்டால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தத் தாய் நல்லவளா, கோபக்காரியா, கடன் வைத்திருந்தாளா, புருஷனோடு பேசாமல் இருந்தாளா? தெரியாது. அவளுக்குச் சாக மட்டும்தான் கதையில் அனுமதி.

சாட்சியம் வேறு விஷயம். முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த ஒருவர் நடந்ததை நடந்தபடி சொல்லும்போது அதில் பாத்திரவார்ப்பு எங்கே என்று கேட்பவன் மனிதனே இல்லை. ஆனால் சாட்சியத்துக்குரிய மரியாதையைக் கடன் வாங்கிக்கொண்டு கதை என்ற பெயரில் வருவதை விமர்சிக்கக் கூடாது என்பது நியாயமில்லை. "இவ்வளவு பெரிய துயரத்தில் குறை கண்டுபிடிக்கிறீர்களே" என்கிறார்கள். துயரத்தில் குறை இல்லை ஐயா, எழுத்தில் இருக்கிறது.

அயர்லாந்தைப் பார்க்கலாம். அங்கும் உள்நாட்டுப் போர் நடந்தது, அங்கும் எழுதினார்கள். லியாம் ஓ'ஃபிளாஹர்ட்டி 1923இல் வெளியிட்ட 'தி ஸ்னைப்பர்' உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாகிவிட்ட கதை. டப்ளின் நகரக் கூரையொன்றில் பதுங்கியிருக்கும் குறிபார்த்துச் சுடுபவன், எதிர்க்கூரையில் இருப்பவனைத் தந்திரம் செய்து கொல்கிறான். இறங்கிப் போய்ப் புரட்டிப் பார்த்தால் சொந்தச் சகோதரன். முதல் தடவை படிக்கும்போது நெஞ்சு அடைக்கும். இரண்டாம் தடவை படித்தால் ஓட்டை தெரியும். சுடுகிற கணத்தில் அவனுக்குச் சகோதரன் என்பவனே மனத்தில் இல்லை. அவன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. எதையும் இழக்கச் சம்மதிக்கவில்லை. கதாசிரியர் தனக்குத் தெரிந்ததை அவனிடமிருந்து மறைத்து வைத்துக் கடைசியில் காட்டுகிறார். அந்த இளைஞனின் இடத்தில் வேறு எவனை வைத்தாலும் கதை அப்படியே நடக்கும்.

ஃபிராங்க் ஓ'கானர் 1931இல் 'கெஸ்ட்ஸ் ஆஃப் தி நேஷன்' எழுதினார். உள்நாட்டுப் போருக்குச் சற்று முந்தைய சுதந்திரப் போர்க்காலக் கதை. ஆனால் எழுதியவர் உள்நாட்டுப் போரில் பிடிபட்டுத் தடுப்பு முகாமில் இருந்தவர். இரண்டு ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஐரிஷ்காரர்களிடம் கைதிகள். எல்லாரும் ஒரே வீட்டில் இருந்து சீட்டு ஆடுகிறார்கள். பெல்ச்சர் என்ற கைதி வீட்டுக் கிழவிக்குக் கூடமாட வேலை செய்து கொடுக்கிறான். மற்றவன் ஹாக்கின்ஸ், வாயாடி. எப்போதும் மதத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பவன். ஒருநாள் பழிக்குப்பழியாக இருவரையும் கொல்ல உத்தரவு வருகிறது. சுட வேண்டியவர்கள், நேற்றுவரை கூட உட்கார்ந்து சீட்டாடியவர்கள். கண்ணைக் கட்டிக்கொள்ளத் தன் கைக்குட்டை போதவில்லை என்று பெல்ச்சர் கதைசொல்லியிடமே ஒன்றைக் கடன் கேட்கிறான். இங்கே ஒரு மனிதனுக்குள் இரண்டு கடமைகள். இரண்டும் நியாயம். ஒன்றைச் செய்தால் மற்றதைக் கொன்றாக வேண்டும். கதைக்கு முரண் என்பது இதுதான். இரண்டு படைகள் மோதுவது வரலாற்று ஆசிரியரின் பாடு.

நம்மிடமும் இதை அறிந்தவர்கள் இருந்தார்கள். ரஞ்சகுமாரின் 'கோசலை', பிள்ளைகள் இயக்கத்துக்குப் போன ஒரு தாயின் வீட்டைவிட்டு அதிகம் நகராது. உமா வரதராஜனின் 'அரசனின் வருகை'யில் பங்கரும் இல்லை, ஷெல்லும் இல்லை. ஓர் அரசன் வருகிறான், அவ்வளவுதான். இரண்டையும் படித்தவன் போரை மறக்க மாட்டான். ஆனாலும் இவர்களைப் புகழ்ந்துவிட்டு இவர்களைப் போல எழுதாமல் இருப்பது நமக்குப் பழகிவிட்டது.

சரி, பெரகலைக்கு வருவோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் ஏ-4 வீதி இந்தச் சந்தியில் கிளை பிரிகிறது. ஒரு கிளை மேலே ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி-எல என்று பதுளைப் பக்கம் போகும். மற்றது கொஸ்லந்தை, வெல்லவாய என்று இறங்கி, மொனராகலை, பொத்துவில் தாண்டி மட்டக்களப்பில் முடியும். போர் நடந்த கிழக்குக்கும் 'போர் நடக்காத' மலைக்கும் நடுவே தார் போட்ட ஒரே வீதிதான் கிடக்கிறது. 1971 ஏப்ரல் 5 விடியற்காலையில் ஜே.வி.பி. கிளர்ச்சியின் முதல் வெடி வெடித்தது கீழே வெல்லவாய பொலிஸ் நிலையத்தில். 1983 ஜூலை 27 காலையில் பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்தருகே ஒரு தமிழரின் மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைத்ததோடு தொடங்கிய கலவரம், மாலைக்குள் கடைவீதியையும் வீடுகளையும் தின்றுவிட்டு, பண்டாரவளைக்கும் ஹாலி-எலைக்கும் வெலிமடைக்கும் வண்டி ஏறிப் போனது. போர் இங்கே வரவில்லை என்று யார் சொன்னது?

பிறகு பிந்துனுவெவ. பண்டாரவளைக்குப் பக்கத்தில், விடுதலைப் புலிகள் என்று பிடிபட்டோ சரணடைந்தோ வந்த தமிழ் இளைஞர்களை வைத்திருந்த புனர்வாழ்வு முகாம். சிலர் மீசை முளைக்காத பிள்ளைகள். 2000 ஒக்டோபர் 25 காலையில் பெருங்கூட்டமொன்று கத்தி, பொல்லு, தீயோடு உள்ளே புகுந்து குறைந்தது 27 பேரைக் கொன்றது. துவக்கோடு பத்துக் கணக்கில் பொலிஸார் அங்கே நின்றார்கள், தடுக்கவில்லை. தலவாக்கலை முதலான மலையக நகரங்களில் ஆர்ப்பாட்டம் வெடித்தது, ஊரடங்கு வந்தது. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். மேன்முறையீட்டில் எல்லாரும் விடுதலையானார்கள்; கடைசியாக 2005இல் உயர் நீதிமன்றம் மீதிப் பேரையும் விட்டது. இன்றைக்குச் சட்டப் புத்தகத்தின்படி அந்தக் கொலைகளைச் செய்தவர் என்று ஒரு மனிதர்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் நம் எழுத்தாளர்மீது எனக்குக் கோபம். இப்படிப்பட்ட சம்பவத்தை எழுத உட்கார்ந்தால் அவர் பேனாவில் முதலில் வரும் சொல் 'இனவெறிக் கும்பல்'. கும்பல் வந்தது, கும்பல் வெட்டியது, கும்பல் எரித்தது. கும்பலுக்குப் பெயர் கிடையாது, அம்மா கிடையாது, மறுநாள் காலை கிடையாது. நீதிமன்றம் சாட்சி போதாது என்று ஆளை விட்டது. நம் கதையாசிரியர் சாட்சி தேவையில்லை என்று ஆளை விடுகிறார். இரண்டிலும் ஒவ்வொருவரும் தப்பிவிடுகிறார்கள். அரசியல் ரீதியாகக் கடுமையாக எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கொலைகாரனுக்குக் கிடைத்த மிகச் சௌகரியமான மறைப்பை நாமே நெய்து கொடுக்கிறோம்.

முகாமுக்கு முன்னால் நின்ற பொலிஸ்காரர்களில் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனையில்தான். வயது இருபத்தாறு என்று வைப்போம். ஊர், பக்கத்துச் சிங்களக் கிராமம். வந்த கூட்டத்தில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இருக்கிறார், தங்கையின் கல்யாணத்துக்குக் கடன் கொடுத்த கடைக்காரர் இருக்கிறார். உள்ளே இருப்பவர்களில் ஒரு பையன் நேற்றுத்தான் அவனிடம் பீடி கேட்டான். துவக்கின் பாதுகாப்புப் பூட்டில் அவன் பெருவிரல் இருக்கிறது. அவன் ஏன் சுடவில்லை? இதற்குப் பயம் என்றோ வெறுப்பு என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாதபடி எழுதினால் அது கதை. அவனை நாம் மன்னிக்கத் தேவையில்லை. அவனைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மன்னிக்காமல் இருப்பதற்கு அர்த்தமே வருகிறது.

"கொலைகாரனுக்கு உள்மனம் கொடுப்பது அவனுக்கு வக்காலத்து வாங்குவது" என்று கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். ரஷ்ய எழுத்தாளர் பாபேல் தன் 'செங்குதிரைப் படை'க் கதைகளில் கொசாக்குகளுக்கு உள்மனம் கொடுத்தார். அவர்கள் நல்லவர்கள் என்று யாரும் நம்பவில்லை. உருது எழுத்தாளர் மண்டோ இந்தியப் பிரிவினைக் கலவரக்காரர்களுக்கு முகம் கொடுத்தார். படித்தவனுக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். முகம் கொடுத்தால் குற்றம் குறையும் என்பது எழுத்தைப் பற்றிய பயம், வேறொன்றுமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் பக்கத்துப் பாத்திரத்துக்கும் இதே பயத்தால்தான் குணம் கொடுக்காமல் விடுகிறோம். பலியானவள் கோள் சொல்லுபவளாக இருந்துவிட்டால் அவள் சாவின் நியாயம் குறைந்துவிடுமாம். கோள்மூட்டியைக் கொல்லலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

பாகப்பிரிவினைக்குத் திரும்புவோம். 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட சனங்கள் வவுனியாவுக்கும் வன்னிக்கும் போய்க் குடியேறினார்கள். காந்தியம் அமைப்பு அவர்களுக்குக் காடு வெட்டி நிலம் கொடுத்தது. அதன் தலைவர்களில் ஒருவரான டாக்டர் ராஜசுந்தரம், பதுளை எரிந்த அதே 1983 ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தத் தோட்டத்துச் சனங்கள் வன்னியில் போருக்குள் அகப்பட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் இயக்கத்துக்குப் போனார்கள், போகாதவர்களும் செத்தார்கள். அங்கே அவர்கள் 'தோட்டக்காட்டார்', இங்கே திரும்பி வந்தால் 'வவுனியா ஆள்கள்'. மலையகக் கதை ஒரு பக்கம், போர்க்கதை ஒரு பக்கம் என்று கோடு கிழித்தவர்கள் இந்தக் குடும்பங்களை எந்தப் பக்கத்தில் வைத்தார்கள்?

ஒரு கதையைச் சொல்லிப் பார்க்கிறேன், யாரும் எடுத்துக்கொள்ளலாம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெரகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். எழுபத்தேழில் வவுனியாவுக்குப் போன ஒரு பெண், பதினேழு வயது மகனோடு அண்ணனுடைய லயத்துக் காம்பிராவுக்கு இரவோடிரவாக வந்து சேர்கிறாள். பையன் எதற்கெடுத்தாலும் வன்னிக்காரர்போல 'ஓம்' என்கிறான். மாமன் அவனை வாசலில் உட்கார வைத்து "ஆமாங்கன்னு சொல்லுடா" என்று பழக்குகிறார். பொலிஸ், லயங்களில் புது முகங்களின் பட்டியல் கேட்டிருக்கிறது. அவள் ஒபீசுக்குப் போய்க் கிளாக்கரிடம் நிற்கிறாள். "கிளாக்கரையா, நம்ம தோட்டத்துப் புள்ளதான்னு ஒரு துண்டு எழுதிக் குடுத்திருங்க. பொறந்தது இங்கதானுங்களே எங்கப்பாவும் நானும்." பையன் பிறந்தது இங்கே இல்லை. செக்ரோலில் அவள் பெயரையே அடித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

கிளாக்கர் கல்நெஞ்சர் இல்லை. துரையின் கையெழுத்தும் தோட்டத்து முத்திரையும் விழுந்த கடிதங்களை அவர்தான் டைப் அடிக்கிறார். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அடையாள அட்டை இல்லை. ரவுண்டப்பில் பிடிபட்டால் அந்த முத்திரைதான் அவர்களை வெளியே எடுக்கிறது. அவருடைய சொந்த மகனின் சட்டைப் பையிலும் அதுவே இருக்கிறது. வவுனியாவில் பிறந்தவனுக்கு இங்கே பிறந்தவன் என்று ஒரு கடிதம் கொடுத்து அது பொய்யென்று தெரிந்துவிட்டால், அந்த முத்திரை விழுந்த எல்லாக் கடிதமும் பொய்யாகிவிடும். கொடுக்காவிட்டால் இந்தப் பையன் போய்விடுவான். அவள் மேசைமேல் எதையும் வைக்கவில்லை, லஞ்சம் கிடையாது. துரை நல்ல மனிதர், கேட்டால் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்; அதுதான் கிளாக்கருக்கு இன்னும் கஷ்டம்.

இதில் ஒரு துவக்கும் வெடிக்கவில்லை. போர் இல்லாத கதையா இது? அந்தப் பெண்ணை நல்லவளாக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் மகன் பிறந்த இடத்தைப் பற்றிப் பொய் சொல்லக்கூடியவள், அண்ணன் மனைவியோடு அடுப்புக்காக ஏற்கெனவே சண்டை போட்டவள். அதனால்தான் அவள் கிளாக்கர் முன்னால் நிற்கும்போது ஓர் ஆளாக நிற்கிறாள்.

இப்படி எழுத முடியாது என்றால் தெளிவத்தை ஜோசப் எழுதியிருக்க மாட்டார். ஊவாக்கட்டவளையில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். ஒற்றைக் காம்பிராவில் ஒரு குடும்பம் முழுதும் படுத்துக்கிடப்பதன் அவமானத்தை 'மீன்கள்' கதையில் எழுதிய அதே கைதான் 'குடைநிழல்' குறுநாவலில், கொழும்பில் சந்தேகத்தின் பேரில் பொலிஸ் கொண்டுபோகும் ஒரு குடும்பஸ்தனையும் எழுதியது. இரண்டுக்கும் அவர் வேறு வேறு பேனா தேடவில்லை. 2022இல் அவர் மறைந்தபோது அஞ்சலிகளில் 'மலையக இலக்கியத்தின் முன்னோடி' என்றார்கள். போரை எழுதியவர் என்று அழுத்திச் சொன்னவர்கள் குறைவு. அவரையும் பாகப்பிரிவினையில் ஒரு பக்கத்தில் போட்டாயிற்று.

சிறுகதைப் போட்டி நடத்துபவர்கள் 'போர்க்காலச் சிறுகதை' என்று தலைப்புக் கொடுப்பதை ஒரு வருஷம் நிறுத்திப் பார்க்கட்டும். அதற்குப் பதிலாக ஒரு வருஷம், ஒரு ஊர், ஒரு வேலை என்று கொடுக்கட்டும்: 1983, லுணுகலை, பஸ் கண்டக்டர். 2000, பண்டாரவளை, பேக்கரிக்காரர். 1995, ஹல்துமுல்லைத் தோட்டம், கிளாக்கர். அந்த வேலையெல்லாம் பார்த்தவர்கள் பலர் இன்று ஈ.பி.எஃப். பணமும் தீர்ந்து பேரப்பிள்ளைகளோடு லயத்திலோ டவுன் வாடகை வீட்டிலோ இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து, யாருக்குத் துண்டு கொடுத்தீர்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்று கேட்க வேண்டும். முதல் நாள் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் நாளும் போக வேண்டியிருக்கும்.