மடியில் ஒரு சின்னக் கத்தி

செய்யாற்றங்கரையில் இருக்கிறது கலசப்பாக்கம். போளூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் உள்ள ஊர். மேற்கே ஜவ்வாது மலை நீண்டு கிடக்கிறது. பக்கத்திலேயே பருவத மலை.

இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேட்டி மடிப்பில் அல்லது இடுப்பில் கட்டிய பச்சை பெல்ட்டின் பையில் ஒரு மடக்குக் கத்தி வைத்திருப்பார்கள். விரல் நீளம்தான் இருக்கும். பேனாக்கத்தி என்றும் சொல்வார்கள்.

அதை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்த்தால் தெரியும்!

காலையில் வேப்பங்குச்சி நறுக்குவது அந்தக் கத்தி. உர மூட்டையின் தையல் நூலை அறுப்பது அந்தக் கத்தி. சொட்டு நீர்க் குழாயை அளவு பார்த்து வெட்டுவதும், கன்று கட்டிய கயிற்றில் பிரிந்த நுனியை நறுக்குவதும் அதுதான். மத்தியானம் மாங்காய்க் கீற்று. சாயங்காலம் பேரனின் பென்சில். இரவு திண்ணையில் கொட்டைப் பாக்குக்கு மட்டும் அதற்கு ஓய்வு. அந்த வேலைக்குப் பாக்குவெட்டி இருக்கிறது.

பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்கும் அது பொதுச் சொத்து.

"அண்ணே, கத்தி இருக்குதா?"

"இந்தாப்பா. திருப்பிக் குடுக்கும்போது மடக்கிக் குடு."

பருவத மலைக்குப் பௌர்ணமியில் ஏறுகிறவர்கள் இதன் அருமையை அறிவார்கள். ஏறத்தாழ 4,500 அடி உயர மலை. கடைசிப் பகுதியில் இரும்புச் சங்கிலியைப் பிடித்தும், ஏணியில் கால் வைத்தும் ஏற வேண்டும். அரிவாளும் அரிவாள்மனையும் தூக்கிக்கொண்டு அங்கே போக முடியுமா? எலுமிச்சம்பழம் நறுக்க, அறுந்த செருப்பு வாரில் துளை போட, பொட்டலம் பிரிக்க, ஒரு சின்னக் கத்தி போதும்.

பனை ஓலைக் காலத்துக் கத்தி

பேனாக்கத்தி என்ற பெயர் எப்படி வந்தது? வெள்ளைக்காரர்கள் பறவை இறகில் எழுதிய காலத்தில், இறகின் நுனியைச் சீவ ஒரு சிறிய கத்தி வைத்திருந்தார்கள். எழுதுகோல் மாறியது. கத்தி சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

ஆனால் தமிழ்நாட்டுக்கு இந்தக் கத்தி வெள்ளைக்காரன் கொண்டு வந்து கொடுத்த பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். நம் புலவர்களும் கணக்குப் பிள்ளைகளும் பனை ஓலையில் எழுதினார்கள். அவர்களிடம் மடக்கெழுத்தாணி என்று ஒரு கருவி இருந்தது. ஒரு பக்கம் எழுத்தாணி. இன்னொரு பக்கம் கத்தி. இரண்டையும் ஒரே பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளலாம். கத்தியால் ஓலையின் ஓரத்தை வாரிச் சீர் செய்வார்கள். எழுத்தாணியால் எழுதுவார்கள். பழைய ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர், தம்முடைய 'என் சரித்திரம்' நூலில் இந்த எழுத்தாணியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சுவிட்சர்லாந்து நாட்டுப் படைவீரர்களின் பலகருவிக் கத்தி இன்று உலகப் புகழ் பெற்றது. கார்ல் எல்செனர் என்பவர் 1891இல் அந்நாட்டுப் படைக்கு அதைச் செய்து கொடுத்தார். துப்பாக்கியைக் கழற்றுவதற்கும் தகர டப்பா திறப்பதற்கும் அது உதவியது. ஒரே பிடிக்குள் இரண்டு கருவி என்ற யோசனை, அதற்கு முன்பே நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்தது என்பதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். தப்பில்லை.

கத்திக்குப் பேர் போன ஊர் இங்கிலாந்தில் உள்ள ஷெஃபீல்டு. அந்த ஊருக்கும் நம் பரங்கிப்பேட்டைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கும்பினிக்காரர்களின் சென்னை நிர்வாகத்தில் வேலை பார்த்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். அவர் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். பிறகு ஷெஃபீல்டுக்குப் போனார். எஃகு காய்ச்சும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். மலிவான இரும்பிலிருந்தும் நல்ல கத்தி எஃகு செய்ய அது வழி திறந்தது. ஊருக்கு லாபம் வந்தது. ஹீத்துக்கு வழக்குதான் மிஞ்சியது. 1851இல் வழக்கு முடியும் முன்பே அவர் இறந்து போனார்.

கத்தி என்றால் பயமா?

இப்போது சட்டைப் பையில் கத்தி என்று சொன்னாலே பலர் முகம் சுளிக்கிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாய்க்கும் கத்தியைக் கண்டால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

சட்டம் இதை அளந்து சொல்கிறது. ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது. அதன் விதிகள் 1962இல் வந்தன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கும் கத்திகளை அந்த விதிகள் ஆயுத வரிசையில் சேர்த்தன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. விரல் நீளப் பேனாக்கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

இருந்தாலும் இடம் பார்க்க வேண்டும். விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது. பிள்ளைகளின் புத்தகப் பையில் கூடவே கூடாது. பென்சில் சீவ, சீவும் பெட்டி இருக்கிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சவர பிளேடைப் பாதியாக உடைத்துப் பென்சில் சீவினார்கள். பிடியில்லாத பிளேடு பென்சிலைச் சீவியதைவிட விரலைச் சீவியதுதான் அதிகம்!

அதற்காக, வீட்டில்கூடப் பிள்ளைகளைக் கத்தி தொடவிடாமல் வளர்ப்பது சரியல்ல. பத்து, பன்னிரண்டு வயதில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். மகனுக்கு மட்டும் அல்ல, மகளுக்கும்தான். முதல் பாடம் இது: உடம்பை நோக்கி வெட்டாதே, வெளிப்பக்கமாக வெட்டு. இரண்டாவது: சாதாரண மடக்குக் கத்திக்குப் பூட்டு கிடையாது, வில் ஒன்றுதான் அலகைப் பிடித்து நிற்கிறது. முனையால் குத்தி அழுத்தினால் அலகு மடங்கி விரலில் விழும். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதே, கீழே வை என்று பாட்டிமார் சொல்வார்கள். அவர்கள் சண்டை வரும் என்பார்கள். சண்டை வருகிறதோ இல்லையோ, கை அறுபடாது.

பல்லால் கடிக்கிற பழக்கம்

மடியில் கத்தி இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? பல்லால் கடிக்கிறார்கள். மிட்டாய் உறை என்றால் பரவாயில்லை. வயலில் பூச்சிமருந்துப் பாக்கெட்டையும் அப்படியே கடித்துப் பிய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இது விளையாட்டு அல்ல.

நெல்லும் கரும்பும் காய்கறியும் விளையும் பூமி இது. மருந்தடிப்பு இல்லாமல் பலருக்கும் சாகுபடி இல்லை. உறையைக் கடிக்கும்போது ஒரு சிட்டிகைத் தூள் உதட்டில் பட்டாலும் ஆபத்து. சில வகை மருந்து உள்ளே போனால் வேர்த்துக் கொட்டும். வாயில் எச்சில் ஊறி வழியும். வாந்தி வரும். கண் பாப்பா சுருங்கும். மூச்சுத் திணறும். அப்போது மோர் கொடுப்பதும் புளி கரைத்துக் கொடுப்பதும் வைத்தியம் ஆகாது. உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். அந்த உறையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் மாற்று மருந்து கொடுக்க முடியும்.

எனவே பூச்சிமருந்துக்கு என்று தனியாக ஒரு பழைய கத்தி இருக்கட்டும். அதை மோட்டார் கொட்டகையிலேயே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மருந்துப் பாக்கெட்டை வெட்டிய கத்தியை வேட்டியில் துடைத்துவிட்டு மாம்பழம் நறுக்கினால், பல்லால் கடித்ததற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

கத்தி தொடக் கூடாத இடம்

எல்லா வேலைக்கும் ஒரே கத்தி என்று இருப்பவர்கள் இரண்டு இடங்களில் அதை மறந்துவிட வேண்டும்.

முன்பெல்லாம் வீட்டில் பிள்ளை பிறந்தால், கையில் கிடைத்த கத்தியால் அல்லது அரிவாளால் தொப்புள் கொடியை அறுப்பார்கள். துருவோடும் மண்ணோடும் ஜன்னிக் கிருமி உள்ளே போகும். பிறந்த ஒரு வாரத்தில் குழந்தை வாய் கிட்டிச் செத்துப் போகும். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம் என்று பல வருஷம் பாடுபட்ட பிறகே அந்தச் சாவு குறைந்தது. தாய், சேய் ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது, பாம்புக் கடி. மலையடிவாரத்தில் இது தினசரிப் பயம். கடித்த இடத்தைக் கத்தியால் கீறி ரத்தத்தை வெளியேற்றினால் விஷம் போய்விடும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. விஷம் அப்படிப் போகாது. கீறிய இடத்தில் ரத்தம் உறையாமல் கொட்டும். புண் சீழ் பிடிக்கும். இறுக்கிக் கயிறு கட்டுவதும் கெடுதல்தான். கடிபட்டவரை நடக்க விடக் கூடாது. கை, காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டு போக வேண்டும். அந்த ஊசிக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதில், வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது 1978இல் தொடங்கிய சங்கம்.

அந்த வேளையில் கத்திக்கு ஒரே ஒரு வேலை உண்டு. வீங்கப் போகும் கையில் உள்ள கயிற்றையும் இறுக்கமான சட்டைக் கையையும் அறுத்து எடுக்கலாம்.

சாணை பிடிப்பது எப்படி?

மழுங்கிய கத்திதான் கையை அதிகம் வெட்டும். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் உண்மை. மழுங்கினால் அழுத்துவோம். அழுத்தினால் வழுக்கும்.

கத்தி வாங்கும்போது பளபளப்பைப் பார்க்க வேண்டாம். விரித்து, அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் வாங்காதீர்கள். பழைய எஃகுக் கத்தி நன்றாகக் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சையும் புளியும் பட்டால் கறுக்கும், துருப் பிடிக்கும். குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் காய்ச்சினார். இன்று கடையில் கிடைக்கும் கத்திகள் பெரும்பாலும் அந்த இனம். பராமரிப்பு குறைவு.

சைக்கிள் சக்கரத்தோடு சாணை பிடிக்கிறவர் தெருவுக்கு வருவது குறைந்துவிட்டது. கவலை வேண்டாம். நுண்மையான சாணைக்கல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்கும். அதுவே கல்! அலகைக் கொஞ்சம் மட்டும் சாய்த்து, இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் என்று மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். கூரைக் கட்டை விரலில் சோதிக்க வேண்டாம். பழைய செய்தித்தாளை வெட்டிப் பார்த்தால் போதும். கிழிக்காமல் வெட்டினால் கூர் ஏறிவிட்டது.

பிறகு கழுவித் துடைத்து, ஈரம் போனபின் மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து, அவசரத்துக்குக் கத்தி திறக்காது.